மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும்: ஜாக் கைகரும் மவுண்ட் பையூ சுகாதார மையமும்

அமெரிக்க மருத்துவர் ஜாக் கைகரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சம்பவத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1960களின் பிற்பகுதி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பொலிவர் கவுண்டியின் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வடபகுதியில், மவுண்ட் பையூ என்ற ஊரில் அவர் முன்னின்று புதிதாகத் தொடங்கிய ஒரு சுகாதார மையத்துக்கு எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வருகிறார்கள். மருத்துவர்கள் சீட்டில் பால் இவ்வளவு, இறைச்சி இவ்வளவு, காய்கறி இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பெற்றோர் அந்தச் சீட்டை ஊரில் இருக்கும் கறுப்பினத்தவரின் மளிகைக் கடையில் காட்டிச் சாமான் வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்காரர் மையத்துக்கு பில் அனுப்புகிறார், மருந்தகக் கணக்கிலிருந்து பணம் போகிறது. விஷயம் மாநில ஆளுநரின் காதுக்கு எட்டி, அவர் வாஷிங்டனுக்குப் புகார் செய்ய, விசாரிக்க ஆள் வருகிறது. மருந்தகப் பணம் மருந்துக்குத்தானே என்பது கேள்வி. தான் கடைசியாகப் பாடநூலைப் பார்த்தபோது ஊட்டச்சத்துக் குறைவுக்கு உரிய சிகிச்சை உணவு என்றுதான் இருந்தது என்று கைகர் பதில் சொல்கிறார். வந்தவர்களுக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை.

நல்ல கதைதான், நடந்ததுதான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால், ஒரு துணிச்சலான மருத்துவரின் சாதுரியமான பதிலாக மட்டும் அது மனதில் தங்கிவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இன ஒடுக்குமுறை உச்சத்தில் இருந்த ஒரு மாநிலத்தில், ஆளுநரால் நிறுத்த முடியாத ஒரு மருந்தகக் கணக்கு எப்படி வந்தது? சீட்டை ஏற்கும்படி கடைக்காரர்களோடு பேசி முடிப்பதற்கான உறவு எங்கிருந்து வந்தது? சீட்டுக்கு அப்புறம் என்ன நடந்தது? சமூக மருத்துவம் எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இந்தக் கேள்விகள்தான் காட்டுகின்றன.

இடம்

மிசிசிப்பி டெல்டா என்றால் ஆறு கடலில் சேரும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். மாநிலத்தின் வடமேற்கில் மிசிசிப்பி, யாசூ ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வண்டல் சமவெளி அது. மிக வளமான மண், கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. அடிமை முறை ஒழிந்த பிறகும் நிலத்தில் பெரும்பகுதி வெள்ளையரிடமே இருந்தது. கறுப்பின மக்கள் அதை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டில், பயிரிட்டார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாமே தோட்டக் கடையில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

1960களில் அந்தப் பிழைப்பும் போனது. பருத்தி பறிக்க இயந்திரம் வந்தது, களையெடுக்கும் வேலையைக் களைக்கொல்லி பிடுங்கிக்கொண்டது. 1967 பிப்ரவரியில் விவசாயத் தொழிலாளர்களுக்கும் மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற கூட்டாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்ட முதலாளிகள் பலர் கூலியைக் கூட்டுவதற்குப் பதில் ஆட்களைக் குறைத்தார்கள். அதே காலத்தில் பல கவுண்டிகள், இலவசமாகக் கொடுத்துவந்த உபரி உணவுப் பொருட்களை நிறுத்திவிட்டு உணவு முத்திரைத் திட்டத்துக்கு, அதாவது கடையில் கொடுத்து உணவு வாங்கும் அரசுச் சீட்டுக்கு, மாறின. அன்றைய விதிப்படி முத்திரையைக் கொஞ்சமாவது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வேலையே இல்லாத குடும்பத்துக்கு அந்தக் காசு எங்கிருந்து வரும்? 1967 ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்கு வந்து, பொலிவர் கவுண்டியில் உள்ள கிளீவ்லாண்டில் வீடு வீடாகப் போய்ப் பட்டினி கிடந்த குழந்தைகளைப் பார்த்தார். நாடு முழுக்க அது செய்தியானது. மையத்தில் எழுதிய உணவுச் சீட்டுகளுக்கு இந்தப் பின்னணி இருந்தது. அந்தக் குழந்தைகளின் நோய்க்குக் காரணத்தைத் தேடினால் கிருமியில் அல்ல, கூலிக் கணக்கிலும் முத்திரை விதியிலும்தான் போய் முடியும்.

வீடுகள் பலகையால் ஆனவை. பல வீடுகளில் குடிதண்ணீர் இல்லை, வடிகால் ஓடைத் தண்ணீரை எடுத்துவந்தவர்களும் உண்டு. மருத்துவரிடம் போனால் வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு ஒரு வாசல். இதற்கு நடுவே மவுண்ட் பையூ ஒரு விதிவிலக்கு. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற ஐசையா மாண்ட்கோமரி, பெஞ்சமின் கிரீன் ஆகியோர் 1887ல் நிறுவிய, முழுக்கக் கறுப்பின மக்கள் வாழும் ஊர். நகராட்சி அவர்களுடையது, போலீஸ் அவர்களுடையது. மையத்தை இங்கே வைத்தது தற்செயல் அல்ல.

மருத்துவர்

கைகர் 1925ல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மருத்துவர், அம்மா நுண்ணுயிரியலாளர். படிப்பில் வேகம், 14 வயதில் பள்ளியை முடித்துவிட்டார். அப்புறம் வீட்டை விட்டு, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிக்குப் போய், கனடா லீ என்ற கறுப்பின நடிகரின் வீட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். கல்லூரிக்குப் போகக் கடன் கொடுத்து அனுப்பியவரும் லீதான். இரண்டாம் உலகப் போரின்போது வணிகக் கப்பல் படையில் சேர்ந்தார். அவர் கேட்டுப் பெற்ற கப்பல் புக்கர் டி. வாஷிங்டன், கறுப்பினத்தவரான ஹியூ மல்சாக் அதன் கேப்டன். போர் முடிந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, அங்குள்ள மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் கறுப்பினத்தவரை ஒதுக்குவதை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார். அதற்கு விலையும் கொடுத்தார். மருத்துவக் கல்லூரிக் கதவு சில ஆண்டுகள் அவருக்குத் திறக்கவில்லை. அறிவியல் செய்தியாளராக வேலை பார்த்துவிட்டு, 1954ல்தான் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் உள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார்.

1957ல், மருத்துவ மாணவராக இருந்தபோது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியுடன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். நட்டால் மாகாணத்தில் பொலேலா என்ற ஜூலு மக்கள் பகுதி. சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி 1940ல் தொடங்கிய சுகாதார மையம் அங்கே இருந்தது. எட்வர்ட் ஜாலி, அமேலியா ஜாலி என்ற கறுப்பினத் தம்பதி ஆரம்பம் முதலே அவர்களோடு உழைத்தார்கள். சில மாதங்கள் கைகர் அங்கேயும், டர்பன் அருகே லாமண்ட்வில்லிலும் வேலை செய்தார்.

பொலேலாவைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மவுண்ட் பையூவில் நடந்ததில் பாதி இங்கே ஏற்கனவே நடந்தது. கார்க் தம்பதி நோயாளி தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஓர் எல்லையை வரைந்துகொண்டு அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பினார்கள். உள்ளூர் ஆட்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து, யார் வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பதிவேட்டிலிருந்து காய்கறித் தோட்டங்கள் பிறந்தன.

சிட்னி கார்க் 1949ல் மேகநோயை (சிஃபிலிஸ்) பற்றி எழுதிய கட்டுரை இந்தப் பார்வைக்கு நல்ல உதாரணம். ஆப்பிரிக்கரிடையே மேகநோய் பரவுவதற்கு அவர்களுடைய ஒழுக்கம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கார்க் நோயின் வழித்தடத்தைத் தேடினார். நிலத்தை இழந்து, வரி கட்டப் பணமில்லாமல், சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போன ஆண்கள். குடும்பத்தைக் கூடவே அழைத்துப்போக முடியாதபடி தடுத்த தொழிலாளர் முறை. பிரிந்து கிடந்த குடும்பங்கள். நோய் அந்தப் பாதையில் ஊருக்குத் திரும்பியது. ஊசி போட்டால் ஒரு நோயாளி குணமாவார். அந்தத் தொழிலாளர் முறை இருக்கும்வரை அடுத்த நோயாளி வந்துகொண்டே இருப்பார். 1948க்குப் பின் வந்த நிறவெறி அரசுக்கு இந்த மாதிரி மருத்துவம் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. 1950களின் இறுதியில் கார்க் தம்பதி நாட்டை விட்டுப் போனார்கள்.

பணம் வந்த வழி

1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய ஆயிரத்துக்கும் குறையாத இளைஞர்கள் மிசிசிப்பிக்குத் திரண்டார்கள். ஜூனில் அவர்களில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். தொண்டர்களுக்கு மருத்துவ உதவி செய்யப் போன குழுவில் கைகரும் இருந்தார். அங்கே பார்த்த வறுமை அவருக்குப் பொலேலாவை நினைவூட்டியது. இதற்காக ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை, அது சொந்த நாட்டிலேயே இருக்கிறது என்று உறைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கிரீன்வில் என்ற ஊரில் மருத்துவர்கள் சிலர் கூடிப் பேசியபோது பொலேலாவைப் போல ஒரு மையத்தை இங்கே தொடங்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நோய்த்தடுப்பு மருத்துவத் துறையின் தலைவராக இருந்த கவுண்ட் கிப்சன், தன் பல்கலைக்கழகம் பொறுப்பேற்கும் என்றார்.

அப்போது அதிபர் ஜான்சன் அரசின் வறுமை ஒழிப்புத் திட்டம் புதிதாக வந்திருந்தது. அதற்கான அலுவலகத்தில் கைகர் சாத்தியக்கூறு ஆய்வுக்கு 30,000 டாலர் கேட்டார். 300,000 எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள் என்றார்களாம். கைகர் பின்னாளில் சொன்ன கதை இது.

இங்கேதான் யாரும் அதிகம் பேசாத ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. வறுமை ஒழிப்புச் சட்டப்படி, தன் மாநிலத்துக்கு வரும் நிதியைத் தடுக்க ஆளுநருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் உயர்கல்வி நிறுவனத்தின் வழியாக வரும் நிதிக்கு அந்தத் தடை செல்லாது. மிசிசிப்பி ஆளுநரின் கையைக் கட்டிப்போட்டது டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். இந்த ஒரு விதிவிலக்கு இல்லையென்றால், பாடநூலைக் காட்டிப் பதில் சொல்ல ஒரு மையமே இருந்திருக்காது. நல்ல நோக்கத்தை மட்டும் நம்பாமல், தங்களைத் தடுக்க முடியாத பாதை எது என்று முதலிலேயே தேடிப் பிடித்தார்கள். அதை நான் கைகரின் மருத்துவத் திறமையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

முதல் மையம் பாஸ்டனில் கொலம்பியா பாயிண்ட் என்ற குடியிருப்பில் 1965 டிசம்பரில் திறந்தது. அடுத்த ஆண்டு அதைப் பார்க்க வந்த செனட்டர் எட்வர்ட் கென்னடி, இப்படிப்பட்ட மையங்களுக்கென 51 மில்லியன் டாலர் ஒதுக்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். மவுண்ட் பையூ மையம் 1967ல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது. அதன் பொறுப்பில் இருந்தது சுமார் 500 சதுர மைல், சுமார் 14,000 பேர்.

ஜான் ஹாட்ச் செய்த வேலை

மருத்துவர்கள் வருவதற்கு முன்பே ஊருக்குள் போனவர் ஜான் ஹாட்ச். தென் மாநிலங்களில் வளர்ந்த கறுப்பினத்தவர், பாஸ்டனில் சமூகப் பணியாளராக இருந்தவர். ஊர் ஊராக, தேவாலயம் தேவாலயமாகப் போய் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மருத்துவமனை வேண்டும் என்று மக்கள் முதலில் சொல்லவில்லை. சாப்பாடு, வேலை, வீடு, அப்புறம்தான் மருத்துவம். இந்தப் பேச்சுகளிலிருந்து பத்து ஊர்களில் சுகாதாரச் சங்கங்கள் உருவாகி, அவை சேர்ந்து வட பொலிவர் கவுண்டி சுகாதார மன்றம் ஆனது.

கைகரின் பெயர் பரவிய அளவுக்கு ஹாட்சின் பெயர் பரவவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். கடைக்காரர்கள் ஒரு மருத்துவரின் சீட்டை நம்பிச் சாமான் கொடுத்தார்கள் என்றால், அந்த நம்பிக்கை ஹாட்ச் நடந்து நடந்து சம்பாதித்தது. மன்றம் வெறும் ஆலோசனைக் குழுவாகவும் நிற்கவில்லை. மையத்தின் பணம் எந்த வங்கியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது மன்றம் வங்கிகளிடம் நிபந்தனை வைத்தது: மவுண்ட் பையூவில் கிளை திறக்க வேண்டும், காசாளர் வேலைக்கு உள்ளூர் மக்களை எடுக்க வேண்டும், கறுப்பினத்தவருக்கும் வீட்டுக் கடன் கொடுக்க வேண்டும். ஒரு வங்கி சம்மதித்தது. அதுவரை வீட்டுக் கடன் எட்டாக்கனியாக இருந்தவர்களுக்கு அது கிடைக்க ஆரம்பித்தது. ஒழுகாத கூரையும் சுத்தமான தண்ணீரும் உள்ள வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு குறையும் என்பதால், இதையும் சிகிச்சைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

சுகாதாரப் பொறியாளர் ஆண்ட்ரூ ஜேம்ஸ் தலைமையில் ஒரு குழு கிணறு தோண்டியது, கழிப்பறை கட்டியது, வீடுகளைப் பழுது பார்த்தது. வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுத்து அதே ஓடைத் தண்ணீருக்குத் திருப்பி அனுப்புவதில் அர்த்தம் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகப்பேறு மருத்துவர் ஹெலன் பார்ன்ஸ், செவிலியரும் மருத்துவச்சியுமான கன்னியாஸ்திரீ மேரி ஸ்டெல்லா சிம்ப்சன் போன்றோர் கர்ப்பிணிகளைக் கவனித்துக்கொண்டார்கள். முதியவர்களுக்குப் போக்குவரத்து வசதி வந்தது.

சீட்டிலிருந்து நிலத்துக்கு

உணவுச் சீட்டு எத்தனை நாளைக்கு? மருந்தகப் பணத்தில் ஒரு கவுண்டியையே சாப்பிட வைக்க முடியாது. அங்கே பசித்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் அடுத்த அடி தானாகவே தெரியும். தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைத்தவர்கள், வளமான வண்டல் மண்ணின் நடுவே பட்டினி கிடந்தார்கள். உழைப்பு இருந்தது, அனுபவம் இருந்தது. நிலம்தான் இல்லை.

சுமார் ஆயிரம் குடும்பங்கள் சேர்ந்து வட பொலிவர் கவுண்டி பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கின. வெளி நன்கொடையோடு நிலத்தைப் பிடித்து, பருத்திக்குப் பதில் காய்கறி போட்டார்கள். உழைத்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி விளைச்சலாகவும் போனது. ஹாட்ச் இதற்குப் பின்னால் நின்றார். கூட்டுறவை நடத்தியவர்களில் முக்கியமானவர் எல்.சி. டார்சி. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். மையத்தின் வழியாகத் திரும்பப் படிக்க ஆரம்பித்து, பின்னாளில் முனைவர் பட்டம் வரை போனார். 1988ல் அதே மையத்தின் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. மையம் உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுத்ததோடு, மாலை வகுப்பு நடத்தி, கல்லூரிக்கு விண்ணப்பிக்கவும் உதவியது. அந்தப் பகுதியிலிருந்து ஏழு பேர் மருத்துவர்களானார்கள், மிசிசிப்பி வரலாற்றிலேயே முதல் பத்துக் கறுப்பினச் சுகாதார ஆய்வாளர்கள் வந்தார்கள் என்று கைகர் பின்னர் கணக்குச் சொல்லியிருக்கிறார். எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் இந்தக் கணக்கைத்தான் அவர் பெருமையோடு சொல்வார்.

நிற்காமல் போனவை

இந்த ஆய்வைப் பாராட்டோடு முடித்தால் அது நேர்மையாகாது.

முதலாவதாக, மவுண்ட் பையூவில் மருத்துவமே இல்லாமல் இருக்கவில்லை. டேபர் சங்கம் என்ற கறுப்பினச் சகோதர அமைப்பு 1942ல் தன் உறுப்பினர்களின் சந்தாவில் டேபோரியன் மருத்துவமனையைத் திறந்திருந்தது. முன் வாசல் வழியாக நுழைந்து, கறுப்பின மருத்துவரிடம் மரியாதையோடு சிகிச்சை பெறக் கிடைத்த இடம். 1948ல் இன்னொன்றும் வந்தது. 1960களில் இரண்டும் பணத்துக்குத் திணறிக்கொண்டிருந்தன; கூட்டாட்சி நிதியோடு அவற்றை இணைத்து ஒரே மருத்துவமனை ஆக்கினார்கள். பாஸ்டனிலிருந்து வந்த புதிய மையத்தை அந்த மருத்துவமனைகளைக் கட்டியவர்களில் சிலர் போட்டியாகவே பார்த்தார்கள். தங்கள் சொந்தக் காசில் எழுப்பிய நிறுவனம் அரசுப் பணத்தின் நிழலில் அடையாளத்தை இழந்தது அவர்களுக்கு வலித்திருக்கும். அந்த மருத்துவமனை 1983ல் மூடப்பட்டது. மக்களிடம் கேட்டுத்தான் செய்தோம் என்று சொல்லும் திட்டத்திலும், எந்த மக்களிடம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

இரண்டாவது, பலன்களை அளப்பதில் உள்ள சிக்கல். கிணறு, கழிப்பறை, உணவு, பிரசவ கவனிப்பு, கல்வி எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. அதே ஆண்டுகளில் நாடு முழுக்கப் புதிய மருத்துவ உதவித் திட்டங்களும் வந்தன, மக்கள் வடக்கே குடிபெயர்ந்துகொண்டும் இருந்தார்கள். குழந்தைகளின் ஆரோக்கியம் தேறியதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்த வகை மருத்துவத்தின் பலமே எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதுதான். நிதி கொடுப்பவர்களிடம் வாதாடும்போது அதுவே பலவீனம் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. 1970களின் தொடக்கத்தில் வறுமை ஒழிப்பு அலுவலகத்திடமிருந்த மையங்கள் கூட்டாட்சி சுகாதாரத் துறைக்கு மாறின. கைகரும் 1971ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். புதிய துறை மருத்துவச் சேவைக்குப் பணம் கொடுத்தது, பண்ணைக்கும் வீட்டுப் பழுதுக்கும் கொடுக்கத் தயங்கியது. கூட்டுறவு நீடிக்கவில்லை, மருத்துவம் நீடித்தது. மக்கள் தாங்களே சொன்ன வரிசையில் கடைசியில் இருந்ததுதான் மிஞ்சியது.

கைகர் அதற்குப் பிறகும் ஓயவில்லை. அணு ஆயுதப் போரின் மருத்துவ விளைவுகளைப் பற்றி 1962லேயே எழுதிய மருத்துவர் குழுவில் அவர் இருந்தார். 1986ல் மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். 1978 முதல் 1996 வரை நியூயார்க் சிட்டி கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பித்தார். கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது, பேசுவதை நிறுத்தவில்லை. 2020 டிசம்பர் 28 அன்று 95 வயதில் புரூக்ளினில் காலமானார்.

இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 1,400 அமைப்புகள் இத்தகைய மையங்களை நடத்துகின்றன, சுமார் 3 கோடிப் பேர் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். ஆளும் குழுவில் பாதிக்கு மேல் அங்கு சிகிச்சை பெறுபவர்களாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஹாட்ச் தேவாலயங்களில் உட்கார்ந்து உருவாக்கிய மன்றத்தின் சாயலை நான் அந்த விதியில் பார்க்கிறேன். ஆனால் அந்தக் குழு கூடித் தங்களுக்கு முதலில் வேண்டியது நிலம் என்றோ வீடு என்றோ தீர்மானித்தால், அதற்குச் செலவழிக்க அவர்களுடைய மானியத்தில் பெரும்பாலும் இடம் இல்லை. கைகரின் வழியில் ஒரு மையம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் மோதப் போவது இந்தச் சுவரில்தான்.